இரண்டு பெட்டிச் சங்கீதம்

சங்கீதம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். முதலாளியைப் பற்றி அந்த ரெக்கார்டு கம்பெனியில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

ஒலிப்பதிவுக்குப் பொறுப்பான இன்ஜினீயரம்மாவும் அதைத்தான் நம்பினாள். காரணம் இருந்தது.

ஸ்டீரியோ அப்போதுதான் தலைகாட்டியிருந்த காலம். இசையை இரண்டு மைக்கில் பிடித்து, ஒரே தட்டில் பதித்து, இரண்டு ஸ்பீக்கரில் கேட்க வைக்க வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு, எத்தனையோ தட்டுகளை வீணடித்து, ஒருவழியாக முதல் தட்டைத் தயார் செய்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே, சரிநடுவில் ஒரு நாற்காலி போட்டு முதலாளியைக் கூப்பிட்டாள்.

அவர் உட்காரவில்லை. டைப்பிஸ்டை உட்காரச் சொன்னார். அப்புறம் டிரைவரை. எப்படி இருந்தது, எது எந்தப் பக்கம் கேட்டது என்று அவர்களைத் துருவித் துருவி விசாரித்தார். பிறகு, இனிமேல் நம்ம கம்பெனியில் எல்லாமே இப்படித்தான் என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. சோப்பு விற்கிறவன்கூட ஒரு தடவை மோந்து பார்ப்பான், இந்த மனுஷன் காதைக்கூடக் கொடுக்கவில்லையே என்று வீட்டில் புருஷனிடம் பொருமித் தீர்த்தாள். மற்ற கம்பெனிகள் முந்துவதற்குள் பேரைத் தட்டிக்கொண்டு போகிற அவசரம்தான், வேறென்ன என்றாள்.

கடைக்காரர்கள் 'இரண்டு பெட்டிச் சங்கீதம்' என்று கேலி செய்தார்கள். ஒரு பாட்டுக்கு எவன் இரண்டு ஸ்பீக்கர் வாங்குவான் என்றார்கள். பங்குதாரர்கள் போதும் நிறுத்து என்றார்கள். முதலாளி பிடித்த பிடியை விடவில்லை.

வெளியீட்டு நாள் வந்தது. கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஊசியை இறக்கினாள்.

இடது பக்கம் மத்தளம் அதிர்ந்தது. வலது பக்கம் புல்லாங்குழல் எழுந்தது. பாடகியின் குரல் மட்டும், ஒன்றுமே இல்லாத நடுவிலிருந்து வந்தது.

முன்வரிசையில் ஒருவர், எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்தவர், விறுவிறுவென்று எழுந்துபோய் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் தொங்கிய திரையை விலக்கிப் பார்த்தார். வெறும் சுவர். கூட்டம் சிரித்தது. பிறகு ஒருவரும் அசையவில்லை.

முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். இரண்டாம் முறை முடிந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆர்டர் கொடுக்க ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். திரையை விலக்கியவர்தான் முதல் ஆள்.

ஜெயித்துவிட்டோம். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மனசில் ஒரு முள் உறுத்தியது. சுவரோரம் நின்று எல்லோருடைய முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முதலாளியிடம் போனாள்.

"இன்னிக்காவது நடுவுல உக்காந்து ஒரு தடவை கேளுங்க சார்."

அவர் தலையாட்டி மறுத்தார்.

"எனக்கு இடது காது பொறந்ததுலேருந்தே கேக்காதும்மா."

அவள் அவருடைய இடது காதையே பார்த்தாள்.

"அத விடுங்க. ரெண்டு காதும் இருக்கிறவங்க எதுக்கு என்னை மாதிரியே கேட்டுக்கிட்டு இருக்கணும்?"