மூச்சு முட்டும் பட்டன்

வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாகத்தான் 'லேப்டாப் டாக்டர்' தன் ரிப்பேர் கடையில் உட்காருவார். ஹார்ட் டிஸ்க்கின் நாடியை அதில் கேட்பதாகப் பேச்சு. கணவரின் லேப்டாப்பை மேசையில் வைத்த அம்மாளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“எப்பம்மா செத்துச்சு?”

“போன மாசம் தம்பி. தூக்கத்துலேயே.”

“நான் லேப்டாப்பைக் கேட்டேன்மா.”

“அதுவும் அன்னைக்குத்தான். அவர் குரல் இதுல மட்டும்தான் இருக்கு.”

டாக்டர் சார்ஜரைப் பிடுங்கினார். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார். “உள்ள மிச்சமிருக்கிற கரண்ட் வடியணும்” என்று உபதேசித்தபடியே பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை ஒளிர்ந்தது. விரலைத் தளர்த்தினால் மங்கியது, அழுத்தினால் தெளிந்தது. இதற்கும் ஒரு விளக்கம் சொல்ல டாக்டர் தொண்டையைக் கனைத்தார். லேப்டாப்பும் கனைத்தது.

“என்னங்க, கேக்குதா?” என்றார் அம்மாள்.

“கேக்குது. அந்தத் தம்பியைக் கையை எடுக்கச் சொல்லு. மூச்சு முட்டுது.”

டாக்டர் விரலை எடுக்கப் போனார். திரை மங்கத் தொடங்கியது.

“எடுத்துடாதீங்க தம்பி. வீட்டுலயும் இவர் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் ஒரு குறை.”

அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப் பக்கமாகத் திரும்பி வசதியாக உட்கார்ந்தார். சொல்வதற்கு ஒரு மாதக் கதை பாக்கி இருந்தது.