முகப்புப் படம்

நாளைக் காலை அட்மிஷன் தொடங்குகிறது. பள்ளியின் வெப்சைட்டுக்கு முகப்புப் படம்தான் இன்னும் அமையவில்லை. அந்த மயிலாப்பூர்ப் பள்ளியின் பிரின்சிபல் மர்சலின், உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். வெப்சைட்டை வடிவமைக்கும் ரொனால்ட் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சிரிக்கிற குழந்தை ஒண்ணு போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது, ரொனால்ட்?"

"நீங்க குடுத்த போட்டோ எல்லாத்தையும் பார்த்துட்டேன், மேடம். எல்லாப் பசங்களும் வாய் மேல விரல் வெச்சிக்கினு நிக்கிறாங்க."

"அது எங்க டிசிப்ளின். வேற தேடுங்க!"

ரொனால்ட் தயங்கித் தயங்கித் தன் செல்போனை நீட்டினான். அதில் இதே பள்ளி யூனிஃபார்மில் ஒரு சிறுமி, பள்ளி கேட்டுக்கு முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

மர்சலின் சட்டென்று நின்றார்.

"இதுதான்! இந்த முகத்தைப் பார்த்தா எந்த அம்மாவும் உடனே அப்ளிகேஷன் போட்டுடுவாங்க. யார் இந்தப் பொண்ணு? ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு எடுத்ததா?"

"என் பொண்ணு சோஃபியா, மேடம். போன மாசம் இங்க டிசி வாங்கிட்டு வெளியே வந்தப்ப எடுத்தேன்."