வலது முன்சக்கரம்

"வலது முன்சக்கரத்துல பேரிங் போயிருக்குங்க. நாளைக்குக் குழந்தையோட வேதாரண்யம் போகணும், மாத்திடுங்க" என்றாள் செம்மொழி.

மெக்கானிக் அய்யாக்கண்ணு, சக்கரத்தில் சுற்றியிருந்த உளுந்துச் செடியை உருவிக் காட்டினார். "ரோடு பூரா செடியைப் பரப்பி, போற வண்டியை மிதிக்க விடுறாங்க. அதான் தொந்தரவு. பேரிங் நல்லாத்தான் இருக்கும்."

"ஓட்டிப் பாருங்க."

நன்னிலம் சாலையில் காரை விரட்டியவர், பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினார். "ஒண்ணும் கேக்கலையேம்மா."

"இடது பக்கம் ஒடிச்சா அதிகமாகுது, வலது பக்கம் ஒடிச்சா அடங்குது. பாரம் வலது சக்கரத்துக்கு வரும்போதுதான் தொந்தரவு. கழட்டாம நான் போகமாட்டேங்க."

"கழட்டிடுங்கண்ணே" என்றான் பின்சீட்டிலிருந்த கணவன் பரிதி. "பிடிச்சா விடமாட்டா. என்னைக் கட்டிக்கிட்டதே அப்படித்தான்."

பட்டறைக்குத் திரும்பிக் கழற்றினார்கள். பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து குண்டுகள் துருவேறிப் பொரிந்திருந்தன. அய்யாக்கண்ணு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதியதைப் பொருத்தி முடித்ததும், சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நின்று மனதாரச் சொன்னார்.

"உனக்குப் பாம்புச் செவிம்மா!"

அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அப்போதும் திரும்பவில்லை.

பரிதி அவள் தோளைத் தொட்டுத் திருப்பினான். "முகத்தைப் பாத்துச் சொல்லுங்கண்ணே. மூணு வருசம் முன்னாடி காய்ச்சல்ல ரெண்டு காதும் போயிடுச்சு. உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவா."

அய்யாக்கண்ணு அவள் முகத்துக்கு நேரே வந்தார். "பின்ன எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"உள்ளங்கால்ல அதிர்ந்துச்சுங்க" என்றாள் செம்மொழி. "ஏங்க, சத்தம் வேற போட்டுச்சா?"