லுச்சானா பாலத்துச் சண்டை

கிட்ட வந்து உக்காருங்க கண்ணுங்களா. தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவுக்குப் பின்னால் நடந்த சண்டையைச் சொல்கிறேன்.

"கதவைத் தொறடி பத்மா. உங்கம்மா ஒரு கைநாட்டு வெச்சா நான் போய்கினே இருப்பேன்."

வெளியே சித்தப்பா வீராசாமி. கையில் பத்திரம், மைப்பெட்டி. கூடவே சாட்சிக்கு ரெண்டு பேர்.

பத்மாவுடைய அப்பா, அவள் நைனா, சாகும்போது தறி வீட்டை அம்மா பேருக்கு எழுதிவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பிறகு பத்மாவுக்கு. அதுதான் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

பத்மா விடியற்கால ரயிலிலேயே பக்கத்து வீட்டு அம்சாவை அரக்கோணத்துக்கு, ரயில்வேயில் இருக்கும் மாமாவிடம் அனுப்பியிருந்தாள். இன்னும் காணோம்.

அம்மா கிடந்த கட்டிலோரம் உட்கார்ந்து, தபால்வழி பி.ஏ. சரித்திரப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"அம்மாவுக்குப் படிச்சுக்கினு இருக்கேன் சித்தப்பா. முடியட்டும்."

"அண்ணி என்னா சொல்றாங்க?"

"நாலு நாளா அவங்களுக்குப் பேச்சு ஏது? நீங்க கத்தாதீங்க." பிறகு உரக்கச் சொன்னாள்: "கேளும்மா. ஸ்பெயின்ல ராஜா செத்துட்டாரு. பட்டம் அவர் பொண்ணுக்கு. பொட்டச்சிக்கு எதுக்குப் பட்டம்னு சித்தப்பன்காரன் படை எடுத்தான்."

வெளியே சாட்சிக்காரரில் ஒருவர் சிரித்தார். "உன்னத்தான் சொல்லுது வீராசாமி."

பத்மா அம்மாவின் கைகளைப் போர்வைக்குள் சொருகினாள்.

"பில்பாவோன்னு ஒரு ஊரு. பொண்ணு பக்கம். சித்தப்பன் ஆளுங்க ரெண்டு மாசமா சுத்தி வளைச்சுகினாங்க. வெளியே லுச்சானா பாலத்துகிட்ட உதவிப் படை. கொட்டுற பனி. தளபதி உடம்பு முடியாம படுக்கையில..."

தாழ்ப்பாள் குலுங்கி, ஆணி ஒன்று கழன்று விழுந்தது. மலைமேல் கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது.

"அப்புறம் என்னாச்சு?" என்றார் சாட்சிக்காரர்.

"எழுந்து குதிரை ஏறினாரு..." பத்மாவின் குரல் உடைந்தது.

"கதையா கேக்குற?" சித்தப்பா கதவை உதைத்தார்.

"யாருய்யா எங்கக்கா வீட்டுக் கதவ உதைக்கிறது?"

மாமா இளங்கோவனின் குரல். கூட அம்சாவும் நாலு ரயில்வே ஆட்களும்.

பத்மா கதவைத் திறந்தாள். மாமா உள்ளே வந்து, போர்வையை விலக்கி, அக்காவின் கையைத் தொட்டார். சட்டென்று நிமிர்ந்தார்.

"எப்போம்மா?"

"விடியக்காலையில மாமா. அழுதிருந்தா, சித்தப்பா அப்பவே வந்து அம்மா கட்டைவிரலைப் பிடிச்சு மை தடவியிருப்பாரு."

அதற்கப்புறம்தான் பத்மா தலையை விரித்துப் போட்டு, அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த ஒப்பாரியை எடுத்தாள்.

உங்க வீட்டுக் கதவைத் தட்டுகிற கையெல்லாம் நல்ல கையாகவே இருக்கட்டும் கண்ணுங்களா.