கொக்கி படாத சாக்கு

சுமை தூக்க வந்தவர்களில் ஒருத்தர் தோளிலும் மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கி இல்லை. கொச்சங்காடிச் சரக்குக் கிட்டங்கிக்குள் கால் வைத்ததுமே அன்ஸியா அதைத்தான் பார்த்தாள்.

ஷானவாஸ் மாமாவின் வேலை. உம்மாவின் அண்ணன், இந்தச் சுமைக்காரர்களுக்கு மூப்பன். மருமகள் செய்த சாக்கில் இன்றைக்கு யாரும் கொக்கி போடக் கூடாதென்று சொல்லிவைத்திருக்கிறார்.

வாழைத்தண்டை உரித்து, நாரெடுத்து, பிளாஸ்டிக் சாக்குக்கு மாற்றாக அவள் நெய்யவைத்த சாக்கு. டாக்டர் பட்டத்துக்குப் படித்த படிப்பையும் பார்த்த வேலையையும் இந்த ஒன்றிலேயே கொட்டியிருந்தாள். இன்று சுமந்து பார்ப்பதில் தேறினால் சுக்கு வியாபாரி சிவராமகிருஷ்ணன் வாங்குவார். தேறாவிட்டால் மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத்தில் அவள் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இழுவைச் சோதனை, ஈரச் சோதனை எல்லாவற்றிலும் தேறிய சாக்கு. கொக்கிச் சோதனையை மட்டும் அவள் செய்யவில்லை. சுமைக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு அதன் முடிவு சோதிக்காமலே தெரியும்.

"இதென்னடா, சுக்கு மூட்டையா, வாழைப்பழப் பழம்பொரி பார்சலா?" என்றான் சுமைக்காரன் சாஹில். சிரித்துக்கொண்டே சாக்கின் காதுகளைப் பிடித்துத் தூக்கினார்கள். குனிந்தார்கள், சுமந்தார்கள், லாரிக்குள் எறிந்தார்கள். எப்போதும் கூடச் சேர்ந்து சுமக்கும் மாமா இன்று ஓரத்தில் நின்று விரட்டினார்.

ஒரு சாக்கும் பிரியவில்லை.

சிவராமகிருஷ்ணனுக்கு முகமெல்லாம் பல். "டாக்டரே, ஆர்டர் உங்களுக்குத்தான். கொக்கி இல்லாமலே வேலை நடக்குதே! நாளையிலேர்ந்து இந்தக் கிட்டங்கில கொக்கியே வேண்டாம். என்ன மூப்பா?"

"வேண்டாம் முதலாளி. எங்க கைக்கு என்ன கேடு?" என்றார் மாமா, மற்றவர்கள் வாய் திறப்பதற்குள்.

அன்ஸியா அவரைப் பார்த்தாள். பிறகு சாஹிலின் முதுகுப்பக்கம், சட்டைக்குள் மறைத்துச் செருகியிருந்த கொக்கியை உருவினாள். மிச்சமிருந்த மூட்டையில் மாட்டி, இரண்டு கையாலும் இழுத்தாள்.

நார் அறுந்தது. சுக்கு தரையெல்லாம் சிதறியது.

சிவராமகிருஷ்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"பைத்தியமா மோளே உனக்கு? எல்லாம் ஒத்து வந்துச்சே! யார் கேட்டாங்க உங்கிட்ட?" என்றபடி மாமா தரையில் குந்தினார்.

அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுக்கை அள்ளத் தொடங்கினாள்.

மாமா இடது கையால் அள்ளினார். லாரியில் சிக்கி நசுங்கிய அன்றிலிருந்து அவருடைய வலது கை விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. விரிக்கவும் முடியாது, இறுக்கவும் முடியாது. அந்த வளைவுக்குள் கச்சிதமாகப் பொருந்துவது கொக்கியின் கைப்பிடி ஒன்றுதான்.