அம்மாவுக்குப் பக்கத்து இடம்

"அப்பா, அம்மா பக்கத்துல யாரைப் புதைச்சிருக்காங்க?"

மெழுகுவர்த்திப் பையைக் கீழே வைக்காமலே எல்வின் கேட்டான்.

கல்லறைத் திருநாள். ஜோகூர் பாருவின் அந்தப் பெரிய கல்லறைத் தோட்டத்தில் காலையிலேயே கூட்டம் நெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து வருவதற்குள் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஜாம். அந்த எரிச்சலோடு வந்தவன், அம்மா இன்பராணியின் கல்லறையை ஒட்டிப் புதிதாய் ஒரு மண்மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா போனபோதே, பக்கத்து இடத்தை அப்பாவுக்கென்று சர்ச் ஆபீஸில் பதிந்து வைத்தவன் அவன்தான்.

மரியநாதன் புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "செசிலிடா."

"எந்த செசிலி?"

"உன் செசிலி ஆன்ட்டிதான். ஆகஸ்ட்ல தவறிட்டா. இங்க முதியோர் இல்லத்துலதான் இருந்தா. கேக்க ஆள் இல்ல."

"இது உங்க இடம்ப்பா!"

"மாத்திக்கிட்டேன். அவளுக்குக் கடைசி வரிசையில, வேலி ஓரமாக் குடுத்தாங்க. அதை நான் எடுத்துக்கிட்டேன். கையெழுத்துப் போட்டாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா விட்டிருக்க மாட்டே."

எல்வின் அந்த மண்மேட்டையே பார்த்தான்.

லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் செசிலி ஆன்ட்டியும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர்கள். ஆன்ட்டிக்குக் கல்யாணமாகவில்லை. பிறகு ஆயர் ஈத்தாமில் மண்பானை செய்யும் இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சில சனிக்கிழமைகளில் அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டி வருவார்.

ஆன்ட்டி வந்தால் வீடே வேறு மாதிரி ஆகிவிடும். பழைய பேப்பரில் சுற்றிய மண் யானை ஒன்று அவனுக்கு வரும். அடுப்படியில் நெத்திலி சம்பல் வாசனை. இரண்டு பெண்களும் வேலை முடிந்த பிறகும் அங்கேயே தரையில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பார்கள். அந்தச் சத்தத்திலேயே மத்தியானம் அவன் தூங்கிப்போவான்.

பதினாலு வயதில் ஒருநாள், பக்கத்து வீட்டு அய்யாவு குடித்துவிட்டுக் கேட்டார். "என்னடா, உங்கப்பன் இன்னைக்கும் ஆயர் ஈத்தாமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று மாலையே யானைகளை எல்லாம் ரப்பர் காட்டுக்குள் எறிந்தான். அதற்குப் பிறகு ஆன்ட்டி வந்தால் அவன் வீட்டில் இருக்க மாட்டான்.

"அப்பா, இத்தனை வருஷமா கேக்காததை இப்பக் கேக்குறேன்" என்றான் எல்வின். "அம்மாவோட சண்டை போட்டா உடனே மோட்டாரை எடுத்துக்கிட்டு அவங்களைத்தானே தேடிப் போவீங்க? லயத்துல அத்தனை வீடும் பேசுச்சு. அம்மா மட்டும்தான் ஒண்ணும் கேக்கல. செத்த பிறகுமா அவங்களுக்கு இந்த அவமானம்?"

"மெதுவா லா" என்று அவன் மனைவி அபிகெயில் கையைப் பிடித்தாள். "ஆளுங்க பாக்குறாங்க."

மரியநாதன் எழுந்தார். கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சமாதானம் பண்ணத் தெரியாதுடா. கோவத்துல வாய்க்கு வந்ததைப் பேசிடுவேன். உங்கம்மா ஒரு வாரம் பேச மாட்டா, சரியா சாப்பிட மாட்டா. மன்னிச்சுக்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதான் போய் செசிலியைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டு, நான் ரயில் ஸ்டேஷன்ல போய் உக்காந்துக்குவேன். அவ இருக்கும்போது நான் வீட்டுல இருந்து நீ பாத்திருக்கியா?"

எல்வின் யோசித்தான். அடுப்படி தெரிந்தது. இரண்டு பேரும் தெரிந்தார்கள். அப்பா மட்டும் எங்கேயும் இல்லை.

"ஒரு நாள் மழைன்னு சீக்கிரமே வந்துட்டேன்" என்றார் மரியநாதன். "வாசல்ல நிக்கிறேன், உள்ளே உங்கம்மா சிரிக்கிறா. அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். அப்புறம் செருப்பைக் கழட்டினேன். அந்தச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்னு போச்சு."

அபிகெயில் குனிந்து பையைப் பிரித்தாள். ஒரு மெழுகுவர்த்தியை எல்வினிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி, செசிலி ஆன்ட்டியின் மண்மேட்டில் ஊன்றிக் கொளுத்தினான். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தி, எரியும்வரை கையால் மறைத்துப் பிடித்தான்.

"எல்லாம் சரிப்பா" என்றான். "ஆனா நாளைக்கு நீங்க அந்த வேலி ஓரத்துல தனியா... அம்மா பக்கத்துல உங்களுக்கு ஓர் இடம் வேண்டாமா?"

மரியநாதன் மனைவியின் கல்லறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் பக்கத்துல படுத்தா, அங்கயும் அவ பேசாமத்தான்டா கிடப்பா."