அடுப்படிக்குப் போன சரவிளக்கு

ஏணியின் உச்சியில் நின்றபடி சரவிளக்கை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு கீழே பார்த்தார் எலெக்ட்ரீஷியன் அந்தோணி.

"ஆச்சி, இதையா அடுப்படியில மாட்டச் சொல்றீக? புகை பட்டா கண்ணாடி கறுத்துருமே."

"கறுக்கட்டும். நான் கறுக்கலையா?" என்றாள் உமையா.

காரைக்குடிப் பக்கத்தில் நூற்றுப் பத்து வயதான வீடு. சாப்பாட்டு ஹாலில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த சரவிளக்கு. அதன் கீழே ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுப்படிக்கு ஒரே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.

கல்யாணமாகி வந்த மாதமே இன்னொரு விளக்கு கேட்டாள்.

"அடுப்பு எரியறப்ப தனியா வெளிச்சம் என்னத்துக்கு?" என்றார் கணவர் நாச்சியப்பன்.

பேச்சு அதோடு முடிந்தது. முப்பத்தைந்து வருஷமும் முடிந்தது.

இப்போது பழைய வயரெல்லாம் பொரிந்துபோய், இரண்டு அறைக்கும் புது வயரிங். விளக்குகளை நீயே பார்த்து மாட்டச் சொல் என்று அவளிடம் விட்டுவிட்டு, கோயில் கூட்டத்துக்கு மதுரை போயிருந்தார் அவர்.

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

மதியத்துக்குள் சரவிளக்கு அடுப்படி உத்தரத்தில் ஏறிவிட்டது. அவள் சுவிட்சைத் தட்டினாள்.

அம்மாடி!

மிளகாய் டப்பாவின் துரு தெரிந்தது. உள்ளங்கையின் பழைய சூட்டுத் தழும்பு தெரிந்தது. ரசத்தில் முடி விழுந்த நாளும் தெரிந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பங்காளிகள் பதினெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். நாச்சியப்பன் ரசச் சோற்றிலிருந்து ஒரு முடியை விரலால் உருவித் தூக்கினார். சரவிளக்கு வெளிச்சத்தில் அது பளிச்சென்று மின்னியது.

வெள்ளை முடி.

அவள் தலையில் அன்று மருந்துக்குக்கூட ஒரு நரை கிடையாது. ரசம் வைத்தது மாமியார். பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள்.

"கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று இலையைத் தூக்கி அவள் காலடியில் வீசினார்.

மாமியார் மோர் எடுக்க உள்ளே போய்விட்டார். அவள் குனிந்து பருக்கை பருக்கையாகப் பொறுக்கினாள்.

சாயங்காலம் அவர் வந்தார். சாப்பாட்டு ஹாலில், அவர் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, அந்தப் பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு.

"சரவிளக்கு எங்கடி, உமையா?"

"இந்த உத்தரத்துல கரையானாம். உங்க தலையில விழுந்து வச்சா என்ன ஆகும்?"

தலை என்றதும் அவர் அடங்கிவிட்டார். இலைமுன் உட்கார்ந்தார்.

அவள் ரசம் எடுக்கப் போனாள். அடுப்படி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. கிண்ணத்தைச் சரவிளக்குக்கு நேர் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். நல்ல நீளமாக ஒன்றைத் தேடி, வேரோடு பிடுங்கினாள்.

இப்போது அவளிடமும் வெள்ளை இருக்கிறது.

கொண்டையை முடிந்துகொண்டு வந்து, இலையில் ஊற்றிவிட்டு நின்று பார்த்தாள். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பிசைந்தார். தடவித் தடவி உருட்டினார். ஒரு பருக்கை விடாமல் விழுங்கினார்.

"இன்னிக்கி ரசம் நல்லாருக்கே."

முப்பத்தைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

கை தன்னால் கொண்டைக்குப் போனது.